கோணல் நட்சத்திரம் வாசலில் தொங்கட்டும்!

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். பரமத்தி வேலூர், திருச்செங்கோடு, நாமக்கல் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். ஜிகினா ஒட்டியது, உள்ளே பல்பு வைத்தது, மடித்து வைத்தால் கைக்கு அடக்கமாகிவிடுவது என்று விதவிதமாக இருக்கும். பக்கத்திலேயே பிளாஸ்டிக் மரம், சிவப்புப் பந்து, பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. பத்து நிமிடத்தில் வாங்கி, பத்து நிமிடத்தில் மாட்டி, "அலங்காரம் முடிஞ்சுது" என்று கையைத் தட்டிவிட்டு உட்காரலாம்.

இதில் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் வீட்டிலிருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை இருந்தது? வேடிக்கை பார்ப்பதும், "தொடாதே, உடைஞ்சிரும்" என்று திட்டு வாங்குவதும்தான். ஒரு குழந்தையின் பிறப்பைக் கொண்டாடுகிற பண்டிகையில் வீட்டுக் குழந்தைக்கு ஒரு வேலையும் இல்லை என்றால், எங்கேயோ கணக்கு உதைக்கிறது!

கிறிஸ்துமஸ் அலங்காரங்களைக் குழந்தைகளோடு உட்கார்ந்து வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். "அழகா இருக்கும்", "காசு மிச்சம்" என்கிற வழக்கமான காரணங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் சேலம், நாமக்கல் பக்கத்து மனிதர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாததற்கு நல்ல காரணமும் இருக்கிறது. அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கடைச் சரக்கும் ஒரு காலத்தில் வீட்டுச் சரக்குதான்

கிறிஸ்துமஸ் மரம் என்கிற வழக்கம் ஜெர்மானிய நாடுகளிலிருந்து பரவியது. அங்கே பழைய காலத்தில் மரத்தில் தொங்கியவை ஆப்பிள், கொட்டைகள், மாவில் சுட்ட பண்டங்கள், காகிதப் பூக்கள். எல்லாமே வீட்டில் இருந்தவை, வீட்டில் செய்தவை. பளபளக்கும் கண்ணாடிப் பந்து 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஜெர்மனியில் லௌஷா என்கிற மலை ஊரில் கண்ணாடி ஊதும் குடும்பங்கள் அதைச் செய்தன. 1880களில் அமெரிக்க வியாபாரி வுல்வொர்த் அவற்றை இறக்குமதி செய்து தன் கடைகளில் விற்க ஆரம்பித்த பிறகு அது உலகச் சரக்காகிவிட்டது. இன்று உலகத்தின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்களில் பெரும் பங்கு சீனாவின் யீவு என்ற ஒரே நகரத்தின் சந்தை வழியாக வருகிறது. வேலூர் கடைத்தெருவில் தொங்கும் ஜிகினாச் சரத்துக்கும் அநேகமாக அதே ஊர்தான் தாய்வீடு.

ஆக, "கிறிஸ்துமஸ் என்றால் கடையில் வாங்குவது" என்பது ஏதோ ஆதிகாலத்து மரபு இல்லை. அதற்கு வயது நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை.

இன்னொரு சுவாரசியமான விஷயம். கூர்கூராக எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மொரேவியன் நட்சத்திரம் எங்கே பிறந்தது தெரியுமா? 1830களில், ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில், மாணவர்களுக்குக் கணக்குப் பாடமாக! காகிதத்தை வெட்டி மடித்து ஒட்டினால் வடிவியல் புரியும் என்று செய்ய வைத்தார்கள். 1897இல்தான் அதை விற்பனைக்குச் செய்யும் முயற்சி தொடங்கியது. சிறுவர்களின் வகுப்பறை வேலை, பின்னால் ஒரு தொழிற்சாலையின் சரக்கானது. டென்மார்க்கில் இரண்டு வண்ணக் காகிதங்களைப் பின்னிச் செய்யும் இதயம் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும். குழந்தைக் கதைகளுக்குப் பேர்போன ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் செய்த அப்படியொரு காகித இதயம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. 

கைவேலை என்றால் ஏன் கசப்பு?

இப்போது மறுபக்கம். ஜேடர்பாளையத்தில் கரும்பாலைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வேலைக்குப் போய் வரும் ஒரு தாயிடம் போய், "பிள்ளைகளோட உக்காந்து கையால நட்சத்திரம் செய்யுங்க, கடையில வாங்காதீங்க" என்று சொல்லிப் பார்க்கலாம். "ஏனுங், எம்பிள்ளைக்கு ஒரு ஸ்டார் வாங்கிக் குடுக்கக்கூட எங்களுக்கு வக்கில்லீங்களா?" என்று பதில் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

வசதியான வீட்டில் கையால் செய்த நட்சத்திரம் தொங்கினால் அதற்குப் பெயர் "ரசனை". வசதி இல்லாத வீட்டில் அதே நட்சத்திரம் தொங்கினால் அதற்குப் பெயர் "இல்லாமை". ஊர் அப்படித்தான் பார்க்கிறது. கடை நட்சத்திரத்தை வாங்கி வாசலில் மாட்டுவது அந்தத் தாய்க்கு வெறும் அலங்காரம் கிடையாது. "நாங்களும் நல்லாத்தான் இருக்கோம்" என்று தெருவுக்குச் சொல்லும் ஒரு வார்த்தை.

இதற்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தப் பக்கம் நெசவுப் பூமி. தறி வைத்திருந்த வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் பின்னும் தார் சுற்றினார்கள். பள்ளிக்கூடமே போகாமல் சுற்றியவர்களும் உண்டு. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தாத்தா பாட்டிகளுக்குக் "குழந்தையின் கைவேலை" என்ற சொல்லே இனிக்காது. அது அவர்களுக்கு விளையாட்டாக இருக்கவில்லை.

அரசியலும் இதில் உண்டு. ராஜாஜி பழைய சேலம் மாவட்டத்துக்காரர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி கதர் வேலையை வளர்த்தவர். அவரே முதலமைச்சராக இருந்தபோது 1953இல் ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்பது. "அப்பன் தொழிலைத்தான் பிள்ளையும் செய்யணுமா?" என்று தமிழ்நாடே கொதித்தது. பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் "குலக்கல்வி" என்று பெயர் வைத்து எதிர்த்தன. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆசிரமம் இருக்கும் புதுப்பாளையமும், பெரியார் பிறந்த ஈரோடும் ஜேடர்பாளையத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை. கையா, புத்தகமா என்ற சண்டை இந்த மண்ணிலேயே நடந்த சண்டை.

அந்தச் சண்டையில் புத்தகம் ஜெயித்தது. ஜெயிக்க வேண்டியதுதான். ஆனால் ஜெயித்த வேகத்தில், கையால் எதைச் செய்தாலும் அது படிப்புக்கு எதிரி என்ற எண்ணம் பெற்றோர் மனதில் தங்கிவிட்டது. "போய்ப் படி, இந்த வேலையெல்லாம் உனக்கெதுக்கு?" என்று சொல்லாத வீடு உண்டா?

இங்கேதான் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழந்தை தார் சுற்றும்போது அளவை முதலாளி வைக்கிறார், வேகத்தை வியாபாரம் வைக்கிறது, நிறுத்தும் உரிமை குழந்தைக்கு இல்லை. அதே குழந்தை தன் வீட்டு வாசலுக்கு ஒரு நட்சத்திரம் செய்யும்போது அளவு அதனுடையது, நிறம் அதனுடையது, அலுத்துப்போனால் பாதியில் போட்டுவிட்டு ஓடவும் செய்யலாம். இரண்டிலும் வேலை செய்வது அதே பத்து விரல்கள்தான். முதலில் சொன்னது உழைப்பைப் பிடுங்குவது. இரண்டாவது விளையாட்டு. முதலாவதை ஒழித்ததற்காக இரண்டாவதையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டுமா?

கொல்லிமலை தந்த பாடம்

கையின் அருமையை உலகத்துக்குச் சொன்ன ஒருவர் இதே நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் தம்பதிக்கு 1914இல் அந்த மலையில் பிறந்தார். மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சு, கட்டிட வேலை கற்றவர். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக் காட்டினார். அதோடு விட்டாரா? நிமிர்ந்த கைக்கு வேலை வேண்டும் என்று வேலூரில் ஒரு புதுவாழ்வு மையம் அமைத்தார். அங்கே நோயிலிருந்து மீண்டவர்கள் மரப் பொம்மைகள் செய்தார்கள். ஒரு பொம்மையைச் செய்து முடித்தவன் தன்னைப் பற்றி நினைப்பதே மாறிவிடும் என்பதை அந்தத் தச்சர்-டாக்டர் புரிந்துவைத்திருந்தார்.

ஏழு வயதுக் குழந்தைக்கும் அதுதான் நடக்கிறது. "இது நான் செஞ்சது" என்ற மூன்று வார்த்தை எந்த ரேங்க் கார்டிலும் கிடைக்காது.

முட்டை ஊரில் முட்டை ஓடு

சரி, எதை வைத்துச் செய்வது? யூடியூபில் தேடினால் பைன் காய், ஃபெல்ட் துணி என்று இந்த ஊரில் கிடைக்காத பொருளாகவே காட்டுவார்கள். அதை வாங்க மறுபடியும் கடைக்கு ஓட வேண்டும். அப்படியானால் வீட்டில் செய்வதற்கு அர்த்தமே இல்லை.

நாமக்கல் இந்தியாவின் முட்டை ஊர். டிசம்பரில் கேக் செய்ய முட்டைத் தேவை கூடும், விலையும் பெரும்பாலும் ஏறும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முட்டை உள்ளே போகிறது, ஓடு குப்பைக்குப் போகிறது. போலந்து போன்ற நாடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் முட்டை ஓட்டு அலங்காரம் தொங்கவிடுவது பழைய வழக்கம். இங்கே கிடைப்பதோ சுத்த வெள்ளை ஓடு. எந்த நிறமும் பளிச்சென்று பிடிக்கும்.

செய்முறையும் எளிது. ஆம்லெட் போடும் நாளில் முட்டையின் மேல்முனையில் ஊசியால் சின்ன ஓட்டை, கீழ்முனையில் மிளகு அளவு ஓட்டை. இதைப் பெரியவர் போட வேண்டும். ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் மேலிருந்து காற்றை அழுத்தினால் எல்லாம் கீழே இறங்கிவிடும். வாயால் ஊத வேண்டாம். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் காயவைத்தால் ஓடு தயார். அரைத் தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி ஓட்டைக்குள் நெட்டாகப் போட்டு, நூலை லேசாக இழுத்தால் குச்சி உள்ளே குறுக்காக நின்றுகொள்ளும். தொங்கவிட வேண்டியதுதான். நிறம், கோடு, கண், மூக்கு, மீசை எல்லாம் குழந்தையின் பாடு. உடையுமா? உடையும். உடைந்த ஓட்டை நொறுக்கி கொட்டாங்குச்சியில் பசை தடவி ஒட்டினால் அதுவும் ஒரு அலங்காரம்.

முட்டை சாப்பிடாத வீடா? காவிரிக் கரையில் வேறு பொருளுக்கா பஞ்சம்? கோரையைப் பின்னினால் நட்சத்திரம். தென்னங்குருத்தை மடித்தால் கிளி, கிலுகிலுப்பை, சிலுவை. குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிலுவை மடிக்கத் தெரிந்த பாட்டிக்கு டிசம்பரில் மட்டும் விரல் மறந்துவிடுமா என்ன? குடில் கூரைக்குக் கரும்புச் சோகை, கட்டுவதற்கு வாழைநார். குடிலுக்குள் பசும்புல் வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகோ நெல்லோ தூவித் தண்ணீர் தெளித்தால் போதும். மாரியம்மன் கோயில் முளைப்பாரி பார்த்து வளர்ந்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

பெரிய நட்சத்திரம் வேண்டுமா? பத்து மூங்கில் சிம்பு எடுத்து, ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் உப்பிக்கொண்டு நிற்கும். மேலே கலர்த் தாள், மைதாப் பசை. உள்ளே சூடாகும் குண்டு பல்பு வேண்டாம், சின்ன எல்.இ.டி. போதும்.

தெர்மாகோல் பக்கம் மட்டும் போக வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் பள்ளிக்கூட "ப்ராஜெக்ட்" என்றால் பல வீடுகளில் முதலில் தேடுவது அதைத்தான்.

பெரியவர்கள் செய்யும் தப்பு

ப்ராஜெக்ட் என்றதும் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளியில் கைவினைப் பொருள் கேட்டால் இரவு பதினொரு மணிக்கு அம்மா வெட்டுகிறார், அப்பா ஒட்டுகிறார், குழந்தை தூங்குகிறது. காலையில் அது "குழந்தையின் படைப்பு" என்று பரிசு வாங்குகிறது. தானே செய்துகொண்டு வந்த இன்னொரு பிள்ளை தன் கோணல் மாணலான அட்டையைப் பைக்குள் மறைக்கிறது. இதைவிட மோசமான பாடத்தை ஒரு பள்ளிக்கூடம் சொல்லித்தர முடியாது.

வீட்டு அலங்காரத்திலும் இதே கதைதான். குழந்தை ஒட்டியதை, அது அந்தப் பக்கம் போனதும் பிய்த்து "நேரா" ஒட்டுவது. குழந்தை செய்ததை மரத்தின் பின்பக்கமும், கடையில் வாங்கியதை முன்பக்கமும் மாட்டுவது. போட்டோ எடுக்கும்போது மட்டும் மெல்லக் கழற்றுவது. குழந்தைகளுக்கு இது தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். தெரியும்! அடுத்த வருடம் கூப்பிட்டால், "நீங்களே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கப் போகும். அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுலயுமே ஆர்வம் இல்லை" என்று புலம்பல் வேறு.

கூட உட்காரும் பெரியவருக்கு வேலை மூன்றுதான். ஊசி, கத்தி, கரண்ட் இந்த மூன்றையும் தன் கையில் வைத்துக்கொள்வது. கேட்டால் மட்டும் உதவுவது. மற்ற நேரத்தில் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டிருப்பது. அதுவும் கோணலாக வந்தால் இன்னும் நல்லது!

பரீட்சை சமயத்திலா?

"டிசம்பர்ல அரையாண்டுப் பரீட்சைங்க" என்பது அடுத்த தடை. உண்மைதான். பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் பரீட்சை முடிகிறது. ஆனால் தினமும் செய்யச் சொல்லி யார் கேட்டார்கள்? நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ ஒரு ஞாயிறு மதியம் ஓடுகளைச் சேர்த்துக் காயவைக்கலாம். பரீட்சை முடிந்த சாயங்காலம் நிறம் தீட்டி மாட்டலாம். மொத்தம் நான்கைந்து மணி நேரம். டி.வி.யில் ஒரு படமும் நடுவில் வரும் விளம்பரங்களும் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் இது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கார்த்திகைக்கு மாவளி சுற்றும்போது எந்த வீட்டுப் பிள்ளை எந்தச் சாமி கும்பிடுகிறது என்று யார் பார்க்கிறார்கள்? தீப்பொறி பறந்தால் எல்லாப் பிள்ளைக்கும் கண் விரியும். முட்டை ஓட்டுக்கு மீசை வரையும்போதும் அப்படித்தான்.

கணக்குப் பார்த்தால்...

வணிகவியல் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வாங்கிய நாளிலிருந்து எந்தப் பொருளுக்கும் வருடா வருடம் மதிப்பு குறையும். கடை நட்சத்திரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். முதல் வருடம் பளபளப்பு, இரண்டாம் வருடம் ஜிகினா உதிர்வு, மூன்றாம் வருடம் குப்பை. குழந்தை செய்த அலங்காரம் இந்தப் பாடத்துக்கு அடங்காத ஒரு சொத்து. செய்த அன்று அதன் சந்தை விலை பூஜ்யம். அந்தக் குழந்தைக்கு எட்டு வயதில் அதைப் பார்த்தால் வெட்கம் வரும், பதினைந்தில் சிரிப்பு வரும். இருபத்தைந்தில் வெளியூர் வேலையிலிருந்து வந்து, பழைய ஷூ டப்பாவைத் திறந்து அதைக் கையில் எடுக்கும்போது மதிப்பு எவ்வளவு என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. அதற்காக ஒரு சின்ன யோசனை: ஒவ்வொன்றின் மேலும் பெயரையும் வருடத்தையும் எழுதிவைக்கலாம்.

அதற்காகக் கடையில் எதுவுமே வாங்கக்கூடாது என்று சட்டம் போட வேண்டியதில்லை. வாங்க விருப்பமுள்ளவர் வாங்கட்டும். ஏழைத் தாய் ஆசையாக வாங்கும் கடை நட்சத்திரத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. வசதி இருப்பவர்கள்தான் முதலில் மாற வேண்டும். தெருவில் நாலு காசு பார்த்த வீடு தன் பிள்ளை செய்த கோணல் நட்சத்திரத்தை வாசலில் தைரியமாகத் தொங்கவிட்டால், கையால் செய்தது என்றாலே இல்லாமை என்கிற அந்தக் கறை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அப்புறம் கரும்பாலைத் தொழிலாளியின் பிள்ளையும் தன் நட்சத்திரத்தை மறைக்காமல் மாட்டும்.

பெத்லகேமில் அந்தக் குழந்தைக்குக் கிடைத்த தொட்டிலே மாட்டுத் தொட்டிதான் என்கிறது பைபிள். அப்படிப்பட்ட பிறப்பைக் கொண்டாடும் வாசலில் ஒரு முனை நீண்டு ஒரு முனை குட்டையான காகித நட்சத்திரம் தொங்கினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

வரும் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு முட்டை ஓடு, ஒரு நூல், ஒரு தீக்குச்சி. நண்பர்கள் தங்கள் வீட்டுக் குட்டிகளோடு முயன்று பார்க்கலாமே!